கூட்டக் குறிப்பில் எழுதாதது

பண்டத்தரிப்புச் சபை. செவ்வாய் பின்னேரம்.
ஏழு பேர், ஏழு வேதப் புத்தகம், மின்வெட்டு.
லைமன் துரைச்சாமி அண்ணர் பெற்றோமாக்ஸ் தேடிப் போய்
ஒரு மெழுகுதிரியோடு திரும்பி வந்தார்.
நான் காரியதரிசி. குறிப்பு எழுதுவது என் வேலை.

விஷயம் ஒன்றுதான்.
நேசமலரின் இளையவனுக்குக் கடிதம் வேண்டும்.
சூரிச்சில் ஒரு கந்தோர், அதிலொரு மேசை,
அந்த மேசைக்குச் சபையின் முத்திரையோடு ஒரு வரி:
இவன் இங்கே தேடப்பட்டவன்.

அவனைத் தேடியவர்கள் கடன்காரர்.
அவன் தமையனைத்தான் வானில் ஏற்றிப் போனார்கள்.
அது வேறு வருசம்.
அதற்கு எங்களிடம் ஒருவரும் கடிதம் கேட்கவில்லை.

போதகர் குணநாயகம் "வாசிச்சுப் பாருங்கோ" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
இருநூறு வருசமாய் எங்கள் வழக்கம் அது,
ஆளைக் கேட்பதில்லை, புத்தகத்தைத் திறப்பது.

துரைச்சாமி அண்ணருக்குக்
கூரைச் சணலுக்குள் ஒற்றரை ஒளித்தவள் கிடைத்தாள்.
பொய் சொன்னாள். வீடு தப்பியது.
பொன்மலர் ரீச்சர்
பொய்ச்சாட்சி கூடாதென்ற கட்டளையில் விரலை வைத்தார், எடுக்கவில்லை.
வங்கியில் இளைப்பாறிய ஹட்சன் தம்பிரத்தினம்
அந்த விரலுக்குப் பக்கத்தில் குனிந்து,
"அயலானுக்கு எதிராய்ச் சொல்லக் கூடாதெண்டுதானே கிடக்கு,
அயலானுக்காகச் சொல்லலாமே?"
மற்ற இருவரும் போன் வெளிச்சத்தில் பக்கம் தேடுவதுபோல்
போனையே பார்த்தார்கள்.

காலையில் சங்கானை மினிபஸ்ஸில்
இளவாலை மரியநாயகம் சொன்னது ஞாபகம் வந்தது.
"உங்கட சபையில ஏழு பேர் இருந்தா ஏழு பாப்பரசர்.
பேந்தென்ன, சரி பிழை எல்லாம் அவரவர் கொப்பியிலதானே?"
சிரித்தேன். இறங்கும்வரை மறுமொழி வரவில்லை.
பின்னேரம்வரை
சட்டைக்குள் புகுந்த முசுறுபோல் அது கடித்தது.

ஒரே குரலும் எங்களுக்கு வாய்த்ததுண்டு.
ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒழுங்கையெல்லாம் வரும்.
அப்போது சரி பிழை தெளிவாய் இருந்தது.
மின்கம்பத்தில், கழுத்தில் அட்டையோடு,
பள்ளிக்குப் போகிற வழியில், தெளிவாய்.

அலுமாரியில் செல்லரித்த பழைய குறிப்புக் கொப்பி இருக்கிறது.
இன்னார் வாங்கில், இன்னார் பாயில் என்று
சபை தீர்மானித்த பக்கம். அடியில் அழகான கையெழுத்தில்
ஏகமனதாய்.
பாயிலிருந்த ஒருவன்
தனிய எழுத்துக்கூட்டி அதே புத்தகத்தை வாசித்து,
அடுத்த ஞாயிறு முன்வாங்கில் போய் இருந்தானாம்.
அவன் பெயர் கொப்பியில் இல்லை.
"குழப்பம்" என்று மட்டும் இருக்கிறது.

இதையெல்லாம் மரியநாயகத்துக்குச் சொல்லலாம்.
ஆனால் அன்று நான் ஞாயத்துக்காகத் திறக்கவில்லை.
அந்தப் பொடியனை ஞானஸ்நானத்தன்று ஏந்தியவள் நான்.
எனக்கு ஒரு வரி வேண்டியிருந்தது, ஓம் என்று சொல்ல ஒரேயொரு வரி.
திறந்த இடமெல்லாம் இல்லை என்றது.
என் இஷ்டத்துக்கு வாசிக்கிற புத்தகமென்றால்
என்னை ஏன் மறுக்கிறது?
துரைச்சாமி அண்ணரை மட்டும் ஏன் மறுக்கவில்லை?

மெழுகுதிரி அரைவாசியில் பேனையை எடுத்தேன்.
தமையனின் பெயர். திகதி. வானின் நிறம்.
தாய் ஏறி இறங்கிய முகாம்கள், வரிசையாய்.
"இளையவர் இவரின் சகோதரர்" என்று முடித்து
கையெழுத்துக்குச் சுற்றவிட்டேன்.
சூரிச் மேசைக்காரனும் தன்பாட்டில் வாசிக்கட்டும்.
ஒவ்வொரு வரியும் உண்மை.
முழுக் கடிதமும் உண்மையா என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.

ரீச்சர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.
குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர்
திரும்பி வந்து
தபாற்செலவுக்கென்று ஐந்நூறு ரூபாயை
மேசையில் வைத்துவிட்டுப் போனார்.